அறுபத்தொன்றுக்குப் பிறகு

மார்ச் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

பட்டியலின் தலையில் ஒரு சிறு கோடு வருகிறது. கோட்டை ஒட்டி ஆங்கில ஈ எழுத்து. அதற்கு அப்புறம்தான் ‘நாளை மாற்ற வேண்டிய சிலிண்டர்கள்’ என்ற தலைப்பு. திங்கட்கிழமையிலிருந்து இப்படித்தான் இருக்கிறது.

சுகம் விசாரிக்காமல் வேலையில் ஆரம்பித்துவிட்டேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கப்பலில் வாந்தி நின்றதா? அம்மாவுக்கு முழங்கால் வலி காலையில் மட்டும்தான். மாத்திரையைத் தவறாமல் போடுகிறாள். நான் நன்றாக இருக்கிறேன்.

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து புது கம்ப்யூட்டர் மிஷின் வந்தது. நீங்கள் வைத்திருந்த பழையதைக் கழற்றி ஸ்டோர் ரூமில் காலி ஆக்சிஜன் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். கொண்டுவந்தவர் நீங்கள் எழுதிய கட்டளை வரிகளை, அந்த ஸ்கிரிப்ட்டை, அப்படியே புதியதில் ஏற்றினார். கடைசியில் முன்பக்கம் ஒரு வட்டமான ஸ்டிக்கர் ஒட்டினார், ‘தரநிலைக்கு உட்பட்டது’ என்று. மேலாளர் அதை விரலால் தேய்த்துத் தேய்த்து ஒட்டிவிட்டார்.

என் வேலை மாறவில்லை. மதியம் மூன்றரைக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்த கட்டளையைத் தட்டுகிறேன். உங்கள் ஸ்கிரிப்ட், ஆக்சிஜன் வாங்கும் எல்லா நோயாளி வீடுகளும் உள்ள மாஸ்டர் பட்டியலின் எண்களை வரிசையாக எடுத்து, ஒவ்வொரு வீட்டின் ஃபைலையும் திறந்து, சிலிண்டர் நாளைக்குத் தீருமா என்று பார்த்து, தீரப்போகும் வீடுகளை மட்டும் அச்சடிக்கிறது. சில நாள் எட்டு வீடு, சில நாள் பன்னிரண்டு. டிரைவர் மாமா வாங்கிக்கொண்டு போகிறார்.

கோட்டை முதலில் பார்த்தது நான்தான். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் மாமா பார்த்துவிட்டார்.

“என்ன பாப்பா, பட்டியல் தலையில ஒரு ஈ உட்கார்ந்திருக்கு? அடிச்சிடட்டுமா?” என்று கையை ஓங்கினார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. “சிரிச்சா போதும். உன் பேச்சை எல்லாம் சேர்த்து வச்சு கல்யாணத்தன்னைக்குப் பேசு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இது ஏன் வருகிறது? போனில் கேள் என்று அம்மா சொன்னாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் மூச்சு மட்டும் விடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை

*

மார்ச் 29

அன்பு வாயாடிக்கு,

துறைமுகத்தில் உன் கடிதம் காத்திருந்தது. ஏழெட்டுப் பேர் கூடி நின்று அவரவர் உறையைப் பிரித்தோம். எனக்கு வாந்தி நின்றுவிட்டது. இப்போது தரையில் இறங்கினால்தான் தலை சுற்றுகிறது. அம்மா மாடிப்படி ஏறுவதைக் குறைக்கச் சொல். நீ நேரத்துக்குத் தூங்குகிறாயா?

கோட்டைப் பற்றி. நாம் தட்டுகிறதை வாங்கி மிஷினிடம் சொல்கிற ஆளுக்குத்தான் ஷெல் என்று பெயர். பழைய மிஷினில் இருந்தது தாராளமான ஷெல். எல்லா ஷெல்லும் இப்படித்தான் நடக்கவேண்டும் என்று விதி எழுதிய தரநிலைப் புத்தகத்தில் இல்லாத நூறு வசதி அதில் உண்டு. தலைப்பை அழகாக வரி பிரிக்க நான் போட்ட குறி அந்த நூறில் ஒன்று. புதியதில் இருப்பது கண்டிப்பான ஷெல். புத்தகத்தில் உள்ளது மட்டும்தான் அதற்குத் தெரியும். என் குறி புரியாததால் அதையும் எழுத்து என்று நினைத்து அச்சடிக்கிறது. அழகுக் குறை, அவ்வளவுதான். விட்டுத் தள்ளு.

பயப்படாதே. நான் கிளம்புவதற்கு முன் மேலாளர் ஒரு படிவத்தை நீட்டினார், என் ஸ்கிரிப்ட் தரநிலைப்படி ஓடும் என்று உறுதி சொல்ல. ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பழைய ஷெல்லுக்கே ஒரு ஒத்துப்போகும் முறை உண்டு. கட்டளையோடு அந்தத் தரநிலையின் பெயரான போசிக்ஸ் என்ற சொல்லைச் சேர்த்தால், அந்தத் தாராளமான ஆளே கண்டிப்பானவனைப் போல நடந்துகொள்வான். அப்படி ஓட்டினேன். ஒழுங்காக ஓடியது.

சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்த வீட்டை எப்படி எடுப்பது என்று மறக்கவில்லையே? அந்த வீட்டின் ஃபைலை மட்டும் அழித்தால் போதும். மாஸ்டர் பட்டியலை மேலாளர் மாதக் கடைசியில் கையெழுத்துப் போட்டுத்தான் திருத்துவார். அதுவரை ஸ்கிரிப்ட், ‘ஃபைலைக் காணோம்’ என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அந்த முணுமுணுப்பைப் பார்த்து மேலாளர் அலறுகிறார் என்று அது திரையில் வராதபடி செய்துவைத்திருக்கிறேன்.

ஆகஸ்டோடு என் ஆறு மாதச் சோதனைக் காலம் முடிகிறது. பெரிய இன்ஜினியருக்கு என்னைப் பிடித்திருக்கிறது. நிரந்தரமாகிவிட்டால் அம்மாவை நல்ல மருத்துவரிடம் காட்டலாம்.

அண்ணன்

*

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சொன்னபடி கோட்டை விட்டுவிட்டேன். உங்களுக்குத் தலைசுற்றல் குறைந்ததா? அம்மா இப்போது மாடிக்குப் போவதில்லை, துணியை நானே உலர்த்துகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

அறுபத்தொன்றாம் எண், கடிகாரம் பழுதுபார்ப்பவர், ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டார். இன்று காலை மாமா அவருடைய சிலிண்டரைத் திருப்பிக் கொண்டுவந்தார். அதை உருட்டாமல் தோளில் சுமந்துகொண்டு வந்தார். “வீடு பூரா கடிகாரம் பாப்பா. ஒண்ணுக்கு ஒண்ணு மணி ஒத்துப்போகலை. எது சரின்னு கேட்க இனி ஆள் இல்லை” என்றார். நான் அவருடைய ஃபைலை அழித்தேன்.

அறுபத்து மூன்றாம் எண் ஒரு தையல்காரம்மா. போன மாதம் தானே வந்து பதிந்துகொண்டார். மூச்சு வாங்கிக்கொண்டே பேசுவார், பேசிக்கொண்டே மூச்சு வாங்குவார். படிவம் நிரப்பும்போது என் கையைப் பிடித்து, “பொத்தானைக் காணோமேடி” என்று பையிலிருந்து ஊசி எடுத்து அங்கேயே தைத்துவிட்டார். மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. “ஏன் பேசமாட்டேங்கறே? நாக்கை ஏதாவது பெட்டியில வச்சுப் பூட்டிட்டாங்களா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். “ஆட்டினியே, அது போதும். சாவி கிடைச்சா சொல்லு” என்றார்.

தனியாக இருக்கிறார். போன் இல்லை. அவசரம் என்றால் மாடிவீட்டில் போய்ப் பேசவேண்டும். ஒரு சிலிண்டரை ஆறு நாள் சிக்கனமாக ஓட்டுகிறார். வேன் வரும் நாளில் வாசல் பக்கமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார் என்று மாமா சொன்னார். ஒருநாள் மாமாவின் நைந்த சட்டைக் காலரைத் திருப்பித் தைத்துக் கொடுத்தாராம்.

நான் நேரத்துக்குத் தூங்குகிறேன். நீங்களும் தூங்குங்கள்.

உங்கள் தங்கை

*

ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதற்கு முன் எழுதியது உங்களுக்குக் கிடைத்திருக்காது. கிடைக்கும் முன்பே இதை எழுதுகிறேன். அம்மா சுகம். நீங்கள் சுகமாக இருக்கவேண்டும்.

தையல்காரம்மா பதினைந்தாம் தேதி இறந்துவிட்டார். அவருடைய சிலிண்டரைப் பதினான்காம் தேதி மாற்றியிருக்கவேண்டும். வேன் போகவில்லை. மாடிவீட்டுக்காரர்கள் அந்த வாரம் வெளியூர் போயிருந்தார்கள். பதினாறாம் தேதி திரும்பி வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவர் நாற்காலியிலேயே இருந்தாராம்.

மேலாளர் மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

“பட்டியல்ல அந்தம்மா பேரு இல்லை சார்.”

“மிஷின் போடலைன்னு சொல்றியா? புது மிஷின்யா அது.”

“மிஷினைப் பத்தி எனக்கென்ன தெரியும்? பேரு இருந்தா நான் போகாம இருப்பேனா?”

“அந்தப் பேப்பர் எங்கே?”

மாமாவிடம் அது இல்லை. போய்வந்த வீடுகளை டிக் அடித்து, சாயங்காலம் கசக்கிப் போட்டுவிடுவார். எல்லா நாளும் அப்படித்தான். அதே வாரம் அறுபத்து நான்காம் வீட்டிலிருந்தும் வேன் வரவில்லை என்று போன் வந்திருந்தது. அதையும் சேர்த்துச் சொல்லி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தையல்காரம்மாவின் மருமகன் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நேற்று மாற்று டிரைவர் போனார். அறுபத்து நான்கிலிருந்து மறுபடியும் போன், வேன் வரவில்லை என்று. “புது ஆள், வழி தெரிஞ்சிருக்காது” என்று மேலாளர் சொன்னார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதின்மூன்றாம் தேதி பட்டியலை அச்சடித்துக் கொடுத்தது நான். அதில் அவர் பெயர் இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. நான் எண்ணிப் பார்ப்பதில்லை. அண்ணா, சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் தங்கை

*

ஏப்ரல் 24

அன்பு வாயாடிக்கு,

உன் பதினொன்றாம் தேதிக் கடிதம் ஆச்சரியமாகச் சீக்கிரமே வந்துவிட்டது. வழியில் ஒரு சிறு துறைமுகத்தில் எண்ணெய் நிரப்ப நின்றோம். நான் நல்ல சுகம், ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன். சமையல்காரர் எல்லாரையும் பெருக்கவைத்துவிட்டுத் தான் மட்டும் குச்சி மாதிரி இருக்கிறார். அம்மாவிடம் சொல், சிரிப்பாள்.

கடிகாரக்காரரை எனக்குத் தெரியும். பாவம். ஃபைலை அழித்தது சரி. மறக்காமல் அன்றைக்கே செய்தாயே, அதுதான் முக்கியம். நீ இந்த வேலையைப் பிடித்துக்கொள்வாய் என்று நான் மேலாளரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்ற பெண் என்று இழுத்தார். வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னதால் நின்றுவிட்டவள், மிஷின் அவளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லாது என்றேன்.

தையல்காரம்மாவிடம் பேசு. சாவி கிடைத்தது என்று ஒருநாள் சொல்லிப் பாரேன். பொத்தான் தைத்தவரிடம்கூடப் பேசவில்லை என்றால் எப்படி?

கடலடியில் கேபிளை விட்டுக்கொண்டே போகிறோம். இழுவை எவ்வளவு என்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. ஒரே கோடு ஒரே உயரத்தில் ஓடினால் நல்ல நாள்.

அண்ணன்

*

மே 12

அண்ணாவுக்கு,

உங்கள் ஏப்ரல் கடிதம் இன்று வந்தது. அம்மா சிரித்தாள். நீங்கள் பெருத்தது நல்லதுதான். இங்கே இருவரும் சுகம்.

மே முதல் தேதியிலிருந்து பட்டியல் சரியாகிவிட்டது. அறுபத்து நான்காம் வீடு ஒழுங்காக வருகிறது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடித்தது. முதல் நாள், முப்பதாம் தேதி, மேலாளர் மாஸ்டர் பட்டியலில் அறுபத்தொன்றை அடித்திருந்தார். வேறு எதுவும் மாறவில்லை.

சனிக்கிழமை மேலாளர் போனபின் மாஸ்டர் பட்டியலைப் பிரதி எடுத்து, அதில் அறுபத்தொன்றை மறுபடி சேர்த்துப் புது மிஷினில் ஓட்டினேன். அறுபதாம் வீட்டோடு பட்டியல் நின்றது. ஸ்டோர் ரூமில் பழைய மிஷினுக்கு ஒயர் கொடுத்து அதையே ஓட்டினேன். கடைசி வீடு வரை வந்தது. பிறகு அதே பழைய மிஷினில் நீங்கள் எழுதிய போசிக்ஸ் என்ற சொல்லைச் சேர்த்து ஓட்டினேன். அறுபதோடு நின்றது.

கண்டிப்பான ஷெல், ஃபைலைக் காணோம் என்றால் முணுமுணுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதில்லை. அங்கேயே வேலையை முடித்துக்கொள்கிறது. முணுமுணுப்பும் திரைக்கு வருவதில்லை. ஏப்ரல் பதினொன்று முதல் முப்பது வரை அறுபத்தொன்றுக்குப் பிறகு இருந்த மூன்று வீடுகளும் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. அறுபத்திரண்டில் பெரிய சிலிண்டர், தீரவில்லை. அறுபத்து நான்கில் போன் இருந்தது.

விசாரணை முடியும்வரை அறுபத்து மூன்றைத் தொடாதே என்று மேலாளர் சொல்லியிருந்தார். போன வாரம் போலீஸ் பதின்மூன்றாம் தேதிப் பட்டியலைக் கேட்டது. ஃபைல்களில் பழைய தேதிகள் எல்லாம் இருப்பதால், தேதியைக் கொடுத்தால் அன்றைய பட்டியலை மறுபடி அச்சடிக்கலாமே. மேலாளரே வந்து அச்சடித்தார். இப்போது அறுபத்தொன்று இல்லையே, அதனால் முழுவதும் வந்தது. தையல்காரம்மா பெயர் தெளிவாக இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டார். மாமா பொய் சொல்கிறார் என்று ஆகிவிட்டது. அவரைக் கைது செய்துவிட்டார்கள்.

அண்ணா, நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஓட்டிப் பார்த்தீர்களே, அன்றைக்கு எல்லா வீட்டு ஃபைலும் இருந்ததா?

தங்கை

*

ஜூன் 7

அன்புத் தங்கைக்கு,

இரண்டு கடிதங்களும் சேர்ந்து வந்தன. நீயும் அம்மாவும் சுகமாக இருப்பது ஆறுதல். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது இல்லை.

நீ கண்டுபிடித்தது சரி. தரநிலைப் புத்தகத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. வெளியிலிருந்து ஒரு ஃபைலை உள்ளே படிக்கச் சொல்லும்போது அது இல்லை என்றால், ஷெல் அந்த இடத்திலேயே வெளியேறவேண்டும். அதற்குக் காரணம் உண்டு. தேவையானது இல்லாமல் தொடர்ந்து ஓடினால் பெரிய தப்பு நடக்கலாம் என்று நினைத்திருக்கிறார்கள். பழைய ஷெல் பயனர்களுக்காகத் தளர்த்திக்கொண்டது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இது உலகம் முழுக்க உள்ள விஷயம், இதற்கென்று பெரிய விவாதங்களே நடந்திருக்கின்றன.

ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி சேர்க்கவேண்டும். ஃபைலைத் திறப்பதற்கு முன் அது இருக்கிறதா என்று பார்க்கிற வரி. தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அப்படியே தட்டு. அதன்பிறகு எந்த ஷெல்லிலும் ஓடும்.

யாரிடமும் எதுவும் சொல்லாதே. உன்னால் சரியாக விளக்க முடியாது. பாதி சொன்னால் ஃபைலை அழித்தது நீ என்பது மட்டும்தான் அவர்களுக்குப் புரியும். நான் வந்து பேசிக்கொள்கிறேன். டிரைவருக்கு ஒன்றும் ஆகாது, சாட்சி இல்லாத வழக்கு.

இங்கே நல்ல வெயில். கடல் தட்டு மாதிரி கிடக்கிறது.

அண்ணன்

*

ஜூன் 27

அண்ணாவுக்கு,

காய்ச்சல் முழுவதும் போய்விட்டதா? ஈரத் துணியோடு நிற்காதீர்கள். அம்மாவுக்கு வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் நடக்கிறாள்.

அந்த வரியைச் சேர்த்துவிட்டேன். சரியாக ஓடுகிறது.

என் கேள்விக்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. தாளைத் திருப்பியும் பார்த்தேன்.

கைதாவதற்கு முன் ஒருநாள் மாமா ஆபீசுக்கு வந்ததை உங்களுக்கு நான் எழுதவில்லை. டிபன் கேரியரை எடுத்துப்போக வந்தார். உள்ளே விடவில்லை. ஜன்னல் பக்கம் வந்து நின்றார். சவரம் செய்திருக்கவில்லை.

“பாப்பா, அன்னைக்கு பட்டியல் நீதானே கொடுத்தே. அந்தம்மா பேரு இருந்துச்சா?”

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் தெரியாது என்றும் நான் சொல்லவில்லை.

“சரி விடு. உன்னைப் போய்க் கேட்கறேன் பாரு. எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு. இருந்து, நான்தான் பார்க்காம விட்டுட்டேனோ என்னவோ. கண்ணு போன வருஷமே மங்கலாயிருச்சு. கண்ணாடி போடச் சொன்னா வீட்டுக்காரி, நான்தான் டிரைவர் வேலைக்குச் சிக்கல்னு போடலை.”

டிபன் கேரியரை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். மூடியைத் திறந்து பார்த்து, கழுவி வைத்திருந்ததைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

நேற்று அவர் மனைவி வந்தார். மேலாளர் அறைக்கு வெளியே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது என்னிடம், “பேப்பர்ல பேரு இருக்குன்னு காட்டறாங்களேம்மா. அவரும் இப்போ இருந்திருக்கும்னுதான் சொல்றாரு” என்றார். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கத் தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

சாட்சி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் இருக்கிறேனே.

தங்கை

*

ஜூலை 19

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் சுகம் என்று நம்புகிறேன். நான் சுகம்.

வேலை அதிகம், நிறைய எழுத முடியவில்லை. மூன்று நாளாகக் காற்று. நிரந்தரம் செய்யும் கடிதம் தலைமையகத்துக்குப் போயிருக்கிறது. என் பேரில் எந்தப் புகாரும் இல்லை என்று பழைய இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். இன்னும் ஒரு மாதம். அம்மாவின் கால் எக்ஸ்ரேயை எடுத்து வைத்திரு.

என் கடிதங்களை ஆபீஸ் மேசையில் போட்டு வைக்காதே.

அண்ணன்

*

ஆகஸ்ட் 9

அண்ணாவுக்கு,

காற்று அடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று. எலும்பு தேய்ந்திருக்கிறதாம், அறுவை வேண்டாம், நடையைக் குறைக்கவேண்டும் என்றார்கள். நீங்கள் துறைமுகத்திலிருந்து போன் செய்ததாக அம்மா சொன்னாள். கால் மணி நேரம் பேசினீர்களாம். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். என்னைக் கூப்பிடச் சொல்லவில்லை என்றாள். போனில் நான் பேசமாட்டேன் என்பதால் இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு விசாரணை அதிகாரியின் ஆபீசுக்குப் போனேன். சொல்லவேண்டியதைத் தாளில் எழுதி எடுத்துப்போனேன், நான்கு பக்கம். நீண்ட பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மின்விசிறி சுற்றும்போது தாள் பறந்துவிடாமல் மடியில் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தேன். கூப்பிட்டபோது ஓரங்கள் ஈரமாகியிருந்தன.

அதிகாரி முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாவதைப் பார்த்தார். மற்றதைத் திருப்பவில்லை.

“எனக்கு இது ஒண்ணும் புரியலை. வாயைத் திறந்து சொல்லும்மா.”

சொன்னேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. நடுவில் அவர் இரண்டு முறை, “சத்தமா” என்றார்.

“இப்போ மிஷின் சரியா ஓடுதா?”

“ஓடுது சார்.”

“அந்தத் தேதி போட்டு அடிச்சா அந்தம்மா பேரு வருதா?”

“இப்போ வரும் சார். அன்னைக்கு வரலை.”

“அன்னைக்கு வரலைங்கறதுக்கு என்ன இருக்கு உன்கிட்டே?”

மறுபடி ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். பழைய மிஷினிலும் காட்டுகிறேன் என்றேன். அதற்குள் எனக்கே நினைவு வந்தது, ஸ்டோர் ரூம் சாமான்களை எல்லாம் ஜூலையில் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஸ்கிரிப்ட்டிலும் நான் அந்த வரியைச் சேர்த்துவிட்டேன். முன்பு எப்படி இருந்தது என்பதைப் பிரதி எடுத்து வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் தாளிலும் அப்படி எழுதியிருக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீ நல்லதுக்குத்தான் வந்திருக்கே, தெரியுது. ஆனா அவரு போன வெள்ளிக்கிழமையே ஒத்துக்கிட்டாரும்மா. பேரு இருந்துச்சு, கவனிக்காம விட்டுட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாரு. யாரும் அடிக்கலை, மிரட்டலை. தானா போட்டாரு. வக்கீல் சொல்லியிருப்பாரு, ஒத்துக்கிட்டா தண்டனை குறையும்னு.”

“அவருக்குத் தெரியாது சார். பேரு இல்லை.”

“அவரே இருந்துச்சுங்கறாரே.”

பிறகு அவர் மேசை டிராயரைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“இதனால ஏதாவது மாறும்னு நான் சொல்லமாட்டேன். வேணும்னா கொடுத்துட்டுப் போ, கோப்புல சேர்த்துடறேன். உன் வேலைக்குச் சிக்கல் வரும், அதையும் சொல்லிடறேன்.”

பேனாவும் அவரே கொடுத்தார். என் பெயர், வயது, வேலை. ஏப்ரல் பதினொன்றாம் தேதி அறுபத்தொன்றாம் எண் ஃபைலை அழித்தது நான் என்று எழுதினேன். அதற்கடுத்து, மிஷினில் ஓடும் ஸ்கிரிப்ட்டை எழுதியவர் யார், அது தரநிலைப்படி ஓடும் என்று உறுதி அளித்தவர் யார் என்று கேட்டார். இரண்டும் ஒருவர்தான் என்றேன். “அப்போ அவரு பேரை எழுது. இப்போ எங்கே இருக்காருன்னும் எழுது” என்றார்.

உங்கள் பெயரை எழுதினேன். கீழே கப்பலின் பெயரை எழுதினேன்.

தங்கை